செல்லாத வேலி

இயேசு மரி சூசை

கேத்தி,
12-7-1990

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெஸிந்தா எழுதுவது. யார் முதலில் எழுதுவது என்ற வீம்பில் நாலு வருஷம் ஓடிவிட்டது. வழக்கம்போல நானே தோற்றேன்.

அப்பா எனக்கென்று எழுதிவைத்த கீழ்த்தோட்டத்தில் நீங்கள் லீவில் வந்து, நாலு ஆட்களை வைத்துக் கம்பிவேலி போட்டதை மறக்கவில்லை. “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மண்ணு?” என்று கேட்டதையும்தான். குவைத்தில் கார் ஓட்டுகிறவருக்கு இங்கே அரை ஏக்கர் கேரட் எதற்கோ! போகட்டும். அக்டோபரில் அம்மாவுக்கு வருஷப் பூசை. அவர் அடக்கத்துக்கும் நீங்கள் வரவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்க, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. லீவு கேளுங்கள் அண்ணா.

உங்கள் ஜெஸிந்தா

*

குவைத்,
14-9-1990

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் ஈராக் பட்டாளம் ஊருக்குள் வந்துவிட்டது. இந்த நாடே இனி தங்கள் மாகாணம் என்கிறார்கள். தபால் நின்றுபோயிற்று. மஞ்சூர் பவுல்ராஜ் ஜோர்டான் வழியாக ஊருக்குப் புறப்படுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலாளி என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு தப்பிப் போனார். போன வாரம் ஒரு அதிகாரி வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு டீ கேட்டான். போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்கும்போது உன் ஞாபகம் வந்தது ஜெஸி. வேலியைப் போட்டு முடித்துவிட்டு உன் வாசலில் நின்று நானும் டீ கேட்டேன். “குடிச்சுட்டுப் போங்கண்ணா” என்று கொடுத்தாய். எந்த மனதோடு கொடுத்தாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

பலவந்தமாகப் பிடித்த நாடு செல்லாது, யாரும் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று ஐ.நா. சபையில் சொல்லிவிட்டார்களாம். ரேடியோவில் கேட்டேன். அப்படியானால் என் வேலியும் செல்லாது. பிடுங்கி எறி. மன்னிப்புக் கேட்க முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நானும் பவுல்ராஜோடு வரலாம். ஆனால் ஆளில்லாவிட்டால் வீடு அந்த அதிகாரிக்குப் போய்விடும். முதலாளி வரும்வரை இருக்கிறேன். பூசையில் என்னையும் நினைத்துக்கொள்.

அண்ணன் சில்வஸ்டர்

*

கேத்தி,
6-3-1991

அன்பான அண்ணா,

குவைத்தை விட்டுப் பட்டாளம் போய்விட்டதாக ரேடியோவில் சொல்லி ஒரு வாரமாகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பவுல்ராஜ் திரும்பிப் போகும்போது கொடுப்பதற்காக இதை எழுதுகிறேன்.

நானும் பக்கத்துத் தோட்டத்துத் தபித்தாள் அக்காவும் வேலியைப் பிடுங்கினோம். கம்பி கிழித்து உள்ளங்கையில் மூன்று தையல். போட்டவரே வந்து பிடுங்கியிருந்தால் இந்த வம்பு உண்டா?

என்னிடம் பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தீர்கள், சரி. யாரோ ஒருவர் வீட்டுக்குக் காவல் இருக்கச் சொன்னது யார்? பஸ்ஸில் இடம் இருந்ததாம், நீங்கள்தான் ஏறவில்லையாம். பவுல்ராஜ் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்களுக்கு நாடு கிடைத்துவிட்டது. எனக்கு மண் கிடைத்துவிட்டது. இந்த அரை ஏக்கரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஆள் கூட்டி வர வேண்டாம், வேலி போட வேண்டாம். நானே என் கையால் எழுதித் தருகிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள் ஜெஸி