ஓடுவதும் ஓட்டுவதும்

மே 7, வியாழன். தூறல்.

எழுதுகிற அளவுக்கு என் நாட்களில் ஒன்றுமில்லை. காகிதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே, யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் கராஜில் பகுதிநேர வேலை. இரண்டாவது வாரம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி டயருக்குக் காற்றுப் பார்க்கிறாள்.

ஞாயிறன்று அவருடைய பழைய அமெரிக்க மஸில் காரையும் (பெரிய எஞ்சின் வைத்த முரட்டு வண்டி), வாடிக்கையாளர் ஒருவரின் புது ஸ்போர்ட்ஸ் காரையும் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டி ஒப்பிடப் போகிறார்கள். ஓட்டுகிறவர் பெயரில் கட்டுரை, கராஜின் இணையப் பக்கத்தில். எனக்கு அது வேண்டும். சோதனைப் பொறியாளர் வேலைக்கு எங்கே போனாலும் ஓட்டிய அனுபவம்தான் கேட்கிறார்கள்.

கேட்க வாய் வரவில்லை.

மே 8, வெள்ளி. வெயில், ஆனால் குளிர்.

காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை வந்து நின்றார்.

"பிள்ளை, நீங்கள் ஓடுவியளோ?"

"இல்லைங்ணா. ஸ்கூல்ல ஓடுனதோட சரி."

"அதுக்குப் பிறகு இல்லையோ?"

"மூச்சு வாங்கும்ங்ணா."

"மூச்சு வாங்குமெண்டால் ஏலாதுதான்." சிரித்தார். நானும்.

மதியம் தன் அக்கா மகன் பிரதீபனிடம்: "ரெண்டையும் நீயே ஓடு. அவ ஸ்கூலோட விட்டிட்டாவாம். பயமாம்."

அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணப் பேச்சில் கார் ஓட்டுவதில்லை, கார் ஓடுவார்கள். அவர் கேட்டது கார். நான் சொன்னது கால். ஸ்கூல் என்றதை டிரைவிங் ஸ்கூல் என்றும், மூச்சு வாங்குவதைப் பயம் என்றும் எடுத்துக்கொண்டார்.

நாமக்கல்லில் அப்பாவின் லாரியில் பழகியவள் நான். ஜெர்மன் லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது. ஓர் எழுத்துத்தான். திருத்தியிருக்கலாம். டயருக்குக் காற்றடித்தேன்.

மே 10, ஞாயிறு. பலத்த காற்று.

பிரதீபன் ஓட்டினான். பக்கத்து இருக்கையில் நான், குறிப்பெடுக்க. பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்தே உப்புச் சொல்கிற வேலை.

புதியது: தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஓடுதளத்தில் வரிசையாக வைத்த கூம்புகளுக்கிடையே வளையும்போது ஆக்ஸிலேட்டரை அதிகமாக மிதித்தான். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் குறைத்துவிட்டது. தன் திறமை என்று நினைத்துக்கொண்டான்.

பழையது: பெட்ரோல் வாசம். எட்டு சிலிண்டரும் வயிற்றில் அதிரும். நேர்ச்சாலையில் முரட்டு இழுப்பு. வளைவில் பின்பக்கம் வழுக்கல். பிரேக் யோசித்துத்தான் பிடிக்கும். செய்த தவற்றை யாரும் திருத்தித் தருவதில்லை. கிளச் லாரி கிளச் மாதிரி. அவனுக்குத் திரும்பத் திரும்ப எஞ்சின் நின்றது. என் இடது கால் தானாக வெறும் தரையை மிதித்தது.

"இது ஓடுறதுக்கு இல்லை அக்கா. மியூசியத்துக்குக் குடுக்கலாம்."

"அதை அப்பிடியே எழுதுங்கோ பிள்ளை," என்றார் அண்ணை. "கீழை அவன்ர பேரைப் போடுங்கோ."

எழுதினேன். புதியது எல்லாவற்றிலும் வேகம், அது உண்மை. பழையதைப் பற்றி அவன் சொன்னது பொய். அதையும் ஜெர்மனில் இலக்கணப் பிழையில்லாமல் எழுதிவைத்தேன். இதற்கா படித்தேன்.

மே 11, திங்கள். மூட்டம்.

கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை. புதுக் காரை உரிமையாளர் மாலையில் எடுத்துப் போகிறார். அதுவரை இரண்டும் கராஜ் வாசலில்தான். பஸ்ஸில் இதை எழுதுகிறேன். இறங்கும்வரை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும், அவர் பேச்சிலேயே, சாவியைத் திறப்பு என்றே சொல்லி, இந்த முறை பிசகாமல்:

அண்ணை, நான் கார் ஓடுவன். திறப்பை ஒருக்காத் தாங்கோ.