“இளைக்குது” என்று சொன்னீர்கள், அக்கா

ஆசை அக்கா,

உங்கள் போனை நான் இன்னும் நிறுத்தவில்லை. காலையானால் கிளினிக்கின் ஆப் தவறாமல் விசாரிக்கிறது: “இன்று எப்படி இருக்கிறீர்கள்?” மண்ணாங்கட்டி! அன்றைக்கு ஒழுங்காகக் காது கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது.

சீனி வருத்தத்தையும் இதய வருத்தத்தையும் வீட்டிலிருந்தே கவனிக்கலாம் என்று சொல்லித்தான் அந்த ஆப்பைத் தந்தார்கள். கனடாவிலும் தமிழிலேயே பேசலாம் என்றதும் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! மொழிபெயர்க்க என்னை ஒஷாவாவிலிருந்து இழுக்கத் தேவையில்லையே.

கடைசிக் கிழமை அதற்கு நீங்கள் சொன்னது இதுதான்: “நாலடி நடந்தா இளைக்குது.” எங்களுக்கு அதன் அர்த்தம் மூச்சு வாங்குகிறது என்பது. உடம்பு வற்றினால் மெலிஞ்சுபோனன் என்போம். அந்த ஆப் படித்ததோ வேறு ஊர்த் தமிழ். “எடை குறைகிறதா? மிக நன்று, தொடருங்கள்!” என்றது.

“கேளடா, எனக்கு மூச்சு முட்டுது, உது கைதட்டுது” என்று போனில் சிரித்தீர்கள். பிறகு கிளினிக்குக்கும் அடித்துப் பார்த்தீர்கள். “ஆப்பில சொல்லுங்கோ, நேர்ஸ் பார்ப்பா” என்று வைத்துவிட்டார்கள். நேர்ஸ் பார்த்தது உண்மைதான். ஆனால் ஆப் மாற்றிய ஆங்கிலத்தில் அவவுக்குப் போய்ச் சேர்ந்தது, அக்கா மெலிகிறா என்ற நல்ல செய்தி.

உங்கள் செத்தவீடு முடிந்ததும் கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். உங்கள் அக்கா எல்லோருக்கும் விளங்கும் தமிழில் பேசியிருக்கலாமே என்றார் மனேஜர். மூச்சுக்குத் தவிக்கிற மனுசி அகராதி பார்த்தா பேசுவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று உங்கள் சாமான்களை எடுக்க ஸ்காபரோவுக்கு வந்தேன். அடுத்த கதவு மேரி அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா.

“தம்பி, கொஞ்ச நாளா சரியான இளைப்பு. ஆனா அந்தக் கிளினிக் ஆப் எனக்கும் நல்லது எண்டுதான் சொல்லுது.”

அப்படியே காரில் ஏற்றி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனேன். நுரையீரலில் நீர் கட்டியிருந்ததாம். ஊசி போட்டார்கள். இன்று காலை எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்கிறா.

அன்ரி பிழைத்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருவர் உங்களிடம் வாய் திறந்து கேட்டிருந்தால்? அதை நினைக்க நினைக்க ஆத்திரம் அடங்குதில்லை, அக்கா.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன். இளைக்குது என்று சொல்கிற எவரையும் ஒரு மனிசர் உடனே கூப்பிட்டுப் பேசவேண்டும். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டேன். பொலிசைக் கூப்பிட்டாலும் சரி, உங்கள் மேல் ஆணை.

உங்களோடு சண்டை பிடிக்கவென்றே பிறந்த தம்பி,
ரவி