வலது கால் செருப்பு

நரிக்குடி
5.8.2024

அன்புள்ள ஜெயக்குமாருக்கு,

சின்னத்துரை எழுதுவது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் உன் தாளைப் பார்த்து எழுதித்தான் பாஸானேன். அவசரத்தில் உன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு எச்சில் தொட்டு அழித்தேன். அதோடு படிப்பு முடிந்தது. இந்தக் கடிதத்துக்குப் பார்த்து எழுத ஆள் இல்லை. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

போனில் சொல்லத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் வாய் கேலிக்குப் போய்விடுகிறது. போன தடவை, "ஏலே, மக வீட்டுச் சோத்துல தொப்பை விழுந்துருச்சாமே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதைக் கேட்கவா கூப்பிட்டேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் கரிமூட்டத்தில் ஓட்டை போட்டது நான்.

விறகு அடுக்கின் மேல் பூசிய மண் காய்ந்து வெடித்தது என்று நீ நினைத்தாய். அந்த ஞாயிறு வயிற்றுவலி என்று சொல்லி நான் சர்ச்சுக்கு வரவில்லை. நீங்களெல்லாம் முழங்காலில் இருந்த நேரம், காற்றடிக்கும் பக்கமாகக் கடப்பாரையால் மூன்று இடத்தில் குத்தினேன். உள்ளே காற்றுப் போனால் விறகு கரியாகாது, எரிந்து சாம்பலாகிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

முந்தின நாள் டீக்கடையில் அத்தனை பேருக்கு முன்னால், "சின்னத்துரை மூட்டத்துக்குக் கரி எடுக்கப் போகாதீக, பாத்திரம் வெளக்கச் சாம்பல் வேணும்னா போங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரையே கேலி பேசுகிறவனுக்கு ஒரு கேலி தாங்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று எழுதமாட்டேன். கடப்பாரையை எடுக்கும்போதே இது பாவம் என்று உள்ளே சொன்னது. தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

நீ புகை மாறியதைப் பார்த்து ஈரமண்ணோடு மேலே ஏறுவாய், வலது கால் உள்ளே இறங்கிவிடும் என்று மட்டும் நினைக்கவில்லை. உன்னைத் தூக்கி எடுத்தவனும் நான்தான். அதற்குச் சபையில் பொன்னாடை போர்த்தினார்கள். ஆஸ்பத்திரியில் உன் காலை எடுத்த பிறகு, "இனி வாங்குற செருப்புல வலது காலை எனக்குக் குடுத்துருடா" என்றேன். நீ வலியோடு சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

மன்னிப்பாயா என்று ஒரு வரி எழுது.

சின்னத்துரை


காரியாபட்டி
19.8.2024

சின்னத்துரைக்கு,

கடிதம் வந்தது. மகள் ஜோதிகாவிடம் கொடுக்காமல் நானே படித்தேன்.

நேற்று சர்ச்சில் கர்த்தருடைய ஜெபம் சொன்னார்கள். பிறரை மன்னிக்கிற வரி வந்ததும் என் வாய் மூடிக்கொண்டது. மற்றவர்கள் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகும் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொன்னாடை வாங்கிய இடத்தில் நின்று இதைச் சொல். அதைத் திருப்பிக் கொடு. அதுவரை எழுதாதே.

ஜெயக்குமார்


நரிக்குடி
9.9.2024

அன்புள்ள ஜெயக்குமாருக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நேற்று சொல்லத்தான் எழுந்தேன். நான் பாடப்போகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ஐயாத்துரை அண்ணன் பாட்டுப் புத்தகத்தை நீட்டிவிட்டார். கொடுத்த மனுஷன் முகம் வாடக்கூடாதே என்று பாடிவிட்டேன். இரண்டு சரணம்.

பிறகு போதகரிடம் தனியாகச் சொன்னேன். தலையில் கைவைத்து ஜெபித்தார். "கர்த்தர் மன்னிச்சுட்டாரு, கலங்காதீக" என்றார். மனசு லேசாக இருக்கிறது. இது போதாதா? ஊரில் மூட்டம் போட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சபையில் சொன்னால் அதுவும் போகும். என் வீட்டில் தங்கம்மாளுக்கும் தெரியாது. பொன்னாடையை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் போட்டு, தட்டி மடித்து வைக்கிறாள்.

மழை இல்லை.

சின்னத்துரை


காரியாபட்டி
16.9.2024

சின்னத்துரைக்கு,

போதகர் மன்னிப்புச் சொன்னார் என்கிறாய். சந்தோஷம். அவருக்கு இரண்டு காலும் இருக்கிறது.

கர்த்தர் மன்னித்ததை நான் மறுக்கவில்லை. அவர் மன்னிப்பு வேண்டும், செய்ததை அறிக்கையிடு என்று அவர் சொல்கிறது மட்டும் வேண்டாமா உனக்கு?

ஜெயக்குமார்


நரிக்குடி
7.10.2024

ஜெயக்குமாருக்கு,

நேற்று சொல்லிவிட்டேன். பாட்டுப் புத்தகம் எட்டாத இடமாகப் பார்த்து, பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். முதல் வாக்கியத்துக்கு ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், வழக்கம்போல ஏதோ ஆரம்பிக்கிறேன் என்று. இரண்டாவதில் நின்றுவிட்டது. பொன்னாடையைப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் எனக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. என்னை மூட்டம் போடக் கூப்பிட்டிருந்த மாரிக்கண்ணன் சாயங்காலமே வந்து, "மூட்டத்துப் பக்கம் இனி வராதீக, கோவிச்சுக்கிறாதீக" என்றார். தங்கம்மாள், "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல" என்று ஒரே தடவை கேட்டாள். அதற்கப்புறம் சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை.

"கர்த்தர் மன்னிச்சதுக்கு அப்புறமும் இதெல்லாம் உண்டா?" என்று போதகரிடம் கேட்டேன். "உண்டு" என்றார்.

இனி ஆடு மேய்க்கலாம் என்றிருக்கிறேன். ஆடுகளுக்கு விஷயம் தெரியாது.

உன்னிடம் இனி ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் இது.

சின்னத்துரை


காரியாபட்டி
4.11.2024

ஏலே சின்னத்துரை,

ஜோதிகா செருப்பு வாங்கி வந்தாள். ஜோடியாகத்தான் தருகிறார்கள். வலது காலைத் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அளவும் என் அளவும் ஒன்றுதான். நீதானே கேட்டாய்.

நேற்று ஜெபத்தில் அந்த வரியைச் சொன்னேன். வாய் திறந்தது. கால் முளைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அங்கே வாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டு வா.

ஜெயக்குமார்


நரிக்குடி
11.11.2024

அன்புள்ள ஜெயக்குமாருக்கு,

செருப்பு வந்தது. பிரித்ததைப் பார்த்துத் தங்கம்மாள், "இன்னொன்னு எங்க?" என்றாள். ஒரு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். இடது கால் உன்னிடம் இருக்கிறது என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நேற்று வலது காலில் அதையும் இடது காலில் என் பழசையும் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது வண்டி கொண்டு வருகிறேன்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது பழசு மட்டும் இருந்தது. நீ அனுப்பியதை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கண்மாய்க்கரை வரை தேடினேன். கிடைக்கவில்லை.

சின்னத்துரை