ஜெசிந்தாவின் பெயர் வாசித்த கோயில்

நவ. 19, புதன்
மழை. லண்டன் எட்மண்டன் முழுக்க ஈரத்துணி மணம், என் வீடு உட்பட. ஹீட்டர் திரும்பவும் பழுது.
பின்னேரம் ஜெர்மனியிலிருந்து றீற்றா மச்சாளின் போன். என் கணவரின் தங்கை. நாங்கள் லண்டன் வந்த பிறகும் முன்பு சேர்ந்திருந்த அந்தச் சின்ன ஊரிலேயே தங்கிவிட்டவள்.
"மச்சாள், எங்கட கோயிலைப் பூட்டப் போறாங்கள். ஞாயிறு கடைசிப் பூசை. பிறகு இடிச்சுப்போட்டு ஃபிளாட் கட்டப் போறாங்களாம்."
அந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சனம் இல்லை, கூரை ஒழுக்கு. காரணம் சரிதான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

20, வியாழன்
வாங்க வேண்டியது: பால், வெங்காயம், இவருக்குப் பிரஷர் மாத்திரை.
அழகான கோயில் ஒன்றுமில்லை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஜெர்மன் அகதிகள் கட்டியது. வெறும் சீமெந்து. முதல் நாளே இவர், "இது கோயிலோ, கராஜோ?" பீடத்துக்குப் பின்னால் மட்டும் நீலக் கண்ணாடி. அந்த நீலம் ஜெசிந்தாவின் சின்னப் பெட்டி மேல் விழுந்து கிடந்தது.
என் மூத்தவள். நாலு மாதக் குழந்தை. நிலத்துக்குக் கட்டிய வருடத் தவணை முடிந்ததும் கல்லறையையும் எடுத்துவிட்டார்கள், அங்கே அதுதான் சட்டம். மிஞ்சியது இறந்தவர்களுக்கான நவம்பர் பூசை. றீற்றா ஒவ்வொரு வருடமும் பெயர் கொடுப்பாள், பூசை வைக்கும் சுவாமி அதை வாசிப்பார். அவள் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேறு இடம் இல்லை. இந்த வீட்டில் சொல்வதில்லை. இவருக்குத் தாங்காது. அடக்கம் முடிந்த பிறகு இவர் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை.

21, வெள்ளி
றீற்றாவுக்கு நானே போன் எடுத்தேன். "கடைசிப் பூசையில பிள்ளையின்ர பேரை வாசிக்கச் சொல்லுங்கோ."
"கேட்டனான் மச்சாள். ஒருத்தற்ற பேரும் வாசிக்க ஏலாதாம். செத்த எல்லாருக்கும் பொதுவாத்தானாம்."
பொதுவாம்!
இவரிடம் சொன்னேன். "ம்." வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். மாத்திரை வாங்க மறந்துபோனேன்.

23, ஞாயிறு
வெயில், பேருக்கு. இவர் பூசை பார்க்க மாட்டாராம், மாத்திரை வாங்கக் கிளம்பினார்.
றீற்றா வீடியோவில் காட்டினாள். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து, முக்காடு போட்டு, குசினியில் நான் மட்டும். முடிவில் சுவாமி நற்கருணையை வெளியே கொண்டு போனார். ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்று காட்டும் சிவப்பு விளக்கை அணைத்தார்கள். இனி அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் வெளியேறிய சனம் பழக்கத்தில் பீடத்தைப் பார்த்து முழங்கால் மடக்கியது. நானும் மடக்கினேன், சீனிப் போத்தலுக்கு முன்னால். பிறகு எழும்ப முடியவில்லை. அழுகை.
வாசலில் இவர். கோட்டோடு. போகவே இல்லை போல. வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்.
"ஜெசிந்தா," என்றார்.
"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றேன்.