மழை மாதச் சமையல்

மரக்காணம்
22.1.2006

அன்புள்ள அருளப்பன் அண்ணனுக்குத் தங்கை மேரிசெல்வி எழுதுவது. இங்கே மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். ஷார்ஜா குளிரில் உன் இருமல் குறைய வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாக எழுதியிருந்தாய். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தை விட்டு வீட்டில் உட்கார வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தாங்க வேண்டும், அதற்காகத்தான் என்றும் எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு போனில் உன்னோடு பேசும்போது சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், அண்ணா.

பொங்கல் முடிந்ததும் உப்புப் பாத்தியை மிதித்துப் பதப்படுத்த ஆள் கூப்பிட மேஸ்திரி ஆதிமூலம் வந்தார். அப்பா பாயை விட்டு எழாமலே, "நாங்க ரெண்டு பேரும் ரிட்டையர்டு ஆயிட்டோம்பா" என்றார். அந்த வார்த்தை பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார். ரிட்டையர்டு ஆனால் பென்ஷன் யார் குடுக்கிறது, கவர்மென்ட்டா என்று மேஸ்திரி சிரித்தார். "எம் பொண்டாட்டி குடுக்கிறா" என்றார் அப்பா. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் ஒரு நொடி நின்றது.

உனக்கு இது திடீரென்று நடந்ததாகத் தெரியும். அப்படியில்லை. எட்டு வருடத்துக்கு முன், நீ ஷார்ஜாவுக்குப் போன புதிதில், சுலோசனா அத்தையின் வீட்டுக்காரருக்குக் காலில் உப்பு அறுத்த புண் ஆறாமல் போனதே, நினைவிருக்கிறதா? கவனிக்காமல் விட்டு, கடைசியில் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மனையை விற்றார்கள். அன்றைக்கு அம்மா ஒரு முடிவெடுத்தார். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை அளத்தில் வேலை இல்லாதபோது நம் வீட்டில் எப்படிச் சமைப்போமோ, அப்படியே வருடம் முழுக்கச் சமைப்பது. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, கருவாடு. வேலை நடக்கிற மாதங்களின் கூலியில் மிச்சமானது நேரே அஞ்சலகத்துக்குப் போனது. சித்திரை வெயிலில் உப்பு வாரி வந்த பிறகும் மழை மாதச் சமையல்தான். அப்பா முதல் மாதம் தட்டைப் பார்த்து, "வெளியில மழையா பெய்யுது?" என்பார். பிறகு பழகிவிட்டது.

நான் வேலை பார்க்கும் குயிலாப்பாளையம் விடுதிக்கு எளிமையாக வாழ வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் விட்டுப் போகும் புத்தகங்களை நானும் படிக்கிறேன், பிடித்தும் இருக்கிறது. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நம் வீட்டு அடுப்புதான் கண்ணில் நிற்கிறது.

அடுத்தது ஆஸ்பத்திரிச் செலவு. கோயில் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில், உப்பின் வெளிச்சம் பட்டுப் பட்டு அம்மாவின் கண்ணில் சதை வளர ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளே அம்மா கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். "இன்னா லூர்து, ஷூட்டிங்கா?" என்று கூட உப்பு வாருகிற தனகோடி கேட்டாளாம். "ஆமாண்டி, நான் ஈரோயினி, நீ கூடைய எடுத்துக்கிட்டுப் பின்னால வா" என்றாராம் அம்மா. அடுத்த வருடம் தனகோடியும் கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அவர் செய்ததைக் கேள். உப்புத்தண்ணி பட்டால் கெட்டுவிடும் என்று, தினமும் போட்டுக்கொண்டு போய்க் கரையில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாத்தியில் இறங்கியிருக்கிறார். மாதக்கணக்கில் பூட்ஸ் புதிது போலவே இருந்ததைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "காலு போனா கடையில விக்கிதா?" என்று அளத்திலேயே வைத்துக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா கழற்றவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கி வருகிறார், ஒரு வேளை தவறுவதில்லை. குழம்பில் உப்பைப் பாதியாக்கியதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அஞ்சலக வட்டி வருகிறது. இரண்டு ஆடு இருக்கிறது. என் சம்பளத்தில் ஒரு பங்கு. மூவருக்கும் போதும்.

நீ அனுப்பியதை அம்மா வைத்தியத்துக்கு என்று தனியாகப் போட்டு வைத்தார். பெரிதாக எதுவும் வராததால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. உன் இருமலுக்கு இங்கே வைத்தியம் பார்க்கலாம். ஒரு கடை வைக்கவும் அதில் இடம் இருக்கிறது.

அம்மா உன்னை வா என்று சொல்லமாட்டார். பிள்ளையின் சம்பாத்தியத்தைத் தடுத்தவள் என்ற பேர் வரக்கூடாதாம். என்ன எழுத என்று நேற்றுக் கேட்டேன். "அவன் இஷ்டம்னு எழுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, அவன் வருகிற அன்றைக்கு மட்டும் இந்த வீட்டில் மழை மாதச் சமையல் கிடையாது, வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைப்பேன், உப்பும் சரியாகப் போடுவேன் என்றார். அப்பா உடனே, அது எந்த மாதம் என்று என்னைக் கேட்டார். அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

அந்த ஒப்பந்தக் காகிதத்தில் பேனாவை வைப்பதற்கு முன் இதை இன்னொரு தடவை படி, அண்ணா. மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அன்புத் தங்கை,
மேரிசெல்வி