அண்ணன் தந்த மஞ்சள் காவி

மார்ச் 4
அண்ணன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். கையில் பிஸ்கட் டப்பா. திறந்தால் மஞ்சள் காவிக் கட்டிகள், ஒவ்வொன்றும் பஞ்சில் சுற்றி. அவன் தோண்டும் அகழாய்வுக் குழியில், மிகப் பழைய அடுப்பு ஒன்று இருந்த இடத்தில் கிடைத்தவை.

"அந்தக் காலத்து ஆளுங்க இதைச் சுட்டுத்தான் செவப்புச் சாயம் எடுத்திருக்காங்க. நீ நிரூபிச்சுக் குடு, வாலு."

தலை நரைத்த பிறகும் நான் வாலுதான்.

மஞ்சள் காவியில் இரும்போடு தண்ணீரும் பிணைந்திருக்கிறது. சூடு பட்டால் தண்ணீர் போய்விடும், நிறம் சிவந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை. கட்டிக்குள் அரைகுறையாய்ச் சுட்ட சிவப்புத் துகள் இருந்தால் அண்ணன் சொல்வதற்கு ஒரு பிடிமானம். வருடக்கணக்காக இதைச் சொல்லிக் கேலிதான் வாங்கியிருக்கிறான். மாதக் கடைசியில் மாநாட்டில் அவன் பேச வேண்டும்.

மார்ச் 9
சிவப்பு! லேசர் கருவியில் வைத்த எல்லாக் கட்டியிலும் சிவப்புக் கனிமத்தின் அடையாளம். கண்ணுக்கு மஞ்சள்தானே, உள்ளுக்குள் இவ்வளவா?

போனில் சொன்னேன். அண்ணன் கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது. பின்னால் அண்ணியின் குரல்: "இனிமேயாவது வீட்ல வேற பேச்சு பேசுவாரா?"

மார்ச் 11
எல்லாக் கட்டியிலும் — அதுதான் உறுத்துகிறது. ஒன்றிலாவது இல்லாமல் இருக்க வேண்டாமா?

மார்ச் 12
ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மஞ்சள் மண்ணை, தீயே படாத மண்ணை, அதே கருவியில் வைத்தேன். சிவப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால், லேசர் பட்ட இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

அட கடவுளே. சுட்டது அந்தக் காலத்து ஆளுங்க இல்ல, நான்! அவசரத்துல லேசரோட ஒளியைக் குறைக்காம விட்டிருக்கேன். அண்ணன் ஜெயிக்கணும்னு எனக்கே அவ்வளவு ஆசை — இப்போ அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?

மார்ச் 13
ஒளியைக் குறைத்து, கட்டிகளை உடைத்துப் புதுப் பரப்பில் அளந்தேன். மஞ்சள். எல்லாமே மஞ்சள்.

சாயங்காலம் நேரில் போய்ச் சொன்னேன். அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். "கொஞ்ச நாள் உர்ருன்னு இருப்பாரு. நீ டீயைக் குடி" என்றார் அண்ணி.

மார்ச் 17
போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.

மார்ச் 19
அண்ணி கூப்பிட்டார். "உங்க அண்ணன் என் இரும்புச் சட்டில மஞ்சள் மண்ணை வறுத்துட்டு இருக்காரு. வந்து என்னன்னு கேளு."

ஓடினேன். சட்டியில் மண் செக்கச்செவேலென்று கிடந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"பாத்தியா, எவ்ளோ சுலபம். அடுப்பு வேற கைக்கெட்டுற தூரத்துல. அப்புறம் ஏன் அவங்க ஒரு கட்டியைக்கூட சுடல?"

"தெரியாம இருந்திருக்கும்."

"அடுப்பைச் சுத்தி மண்ணே செவந்து கெடக்கு. தெனமும் பாத்திருப்பாங்கடி."

"அப்போ மஞ்சளாவே வேணும்னு வெச்சிருந்தாங்களா?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "எதுக்கு?"

யாருக்குத் தெரியும்! சட்டியைச் சுற்றி நின்று மூன்று பேரும் யோசித்தோம். அண்ணிக்கு மட்டும் சட்டியைப் பற்றிய யோசனை.

மார்ச் 30
மாநாட்டில் அண்ணன் தன் கருத்து நிற்கவில்லை என்று தானே சொல்லிவிட்டான். என் சிவப்புப் புள்ளியின் படத்தைத் திரையில் போட்டு, "இதைச் சுட்டது என் தங்கச்சி" என்றான். அரங்கமே சிரித்தது. நானும்தான். பிறகு அந்த 'எதுக்கு'வைக் கேட்டான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3
அண்ணன் வந்தான், இன்னொரு பிஸ்கட் டப்பாவோடு. அடுப்பிலிருந்து தள்ளி, ஒரு கல்லுக்கு அடியில் யாரோ பத்திரப்படுத்திய மஞ்சள் கட்டிகளாம். கை நீட்டினேன். தரவில்லை.

"மொதல்ல லேசரைக் காட்டு."

ஒளியைக் குறைத்துக் காட்டினேன். குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டு டப்பாவை என் கையில் வைத்தான்.