அறுந்தது துண்டுதான்

பிப். 3, செவ்வாய்
நல்ல பனி. துவைத்தது காயவில்லை. பண்ணையார் டிராக்டரை ஓட்டும் இவர், அதில் கதிரடிக்கிற மெஷினைப் பூட்டியதிலிருந்து ஊரில் ஒரே முணுமுணுப்பு. கடைத்தெருவில் அஞ்சலை, அறுப்புக்கும் கதிரடிப்புக்கும் போகிறவள், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "டீச்சரம்மா, ஒங்க வீட்டுக்காரரு மெஷினக் கொண்டாந்து எங்க சோத்துல மண்ணப் போடுறாரே, நல்லாருக்கா?" கேட்டதில் தப்பில்லை. தையல் டீச்சர் சம்பளத்தில் உலை கொதிக்காதென்று அவளிடம் எப்படிச் சொல்ல?

பிப். 4, புதன். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி
எழுதினாலாவது மனசு அடங்கட்டும்.
மெஷின் பெல்ட் வழுக்கியதாம். ஓடும்போதே இவர் பிடிப்புக்குக் குங்கிலியப் பொடி தூவப் போயிருக்கிறார். தோளில் துண்டு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! துண்டு பெல்ட்டில் மாட்டி, கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. மெஷின் வேண்டாமென்று வரப்பில் நின்ற கூட்டத்திலிருந்து அஞ்சலைதான் ஓடிவந்து, கதிர் அரிவாளால் துண்டை அறுத்தாளாம். வலது கையில் இரண்டு விரல் நசுங்கல். எடுக்கணுமா வேண்டாமா, வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம். ஆண்டவரே, அந்த விரல்களை விட்டுவிடும்.

வியாழன்
பால், பன். ஃபிளாஸ்க் மூடி காணோம். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வசனம்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." பாஸ்டர் முதல் பக்கத்துக் கட்டில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர் வரை. இன்னொருவர் சொல்லட்டும், காபி கிடையாது. விரல் கதை தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் குறட்டை விடுகிறார்.

பிப். 6, வெள்ளி
கட்டுப் பிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அசைங்க" என்றார் டாக்டர். அசைந்தன. இரண்டும்! "பதினஞ்சு நாள்ல வேலைக்குப் போலாம்." வராந்தாவுக்குப் போய் அழுது தீர்த்தேன். அப்பாடா.
மதியம் அஞ்சலை, கொய்யாப்பழத்தோடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கோபத்திலும் ஏன் ஓடிவந்தாய் என்று கேட்டேவிட்டேன். "மெஷினுதாங்க வேணாம்னோம். அந்த ஆள வேணாம்னா சொன்னோம்?"
சாயங்காலம் பண்ணைக் காரியக்காரர். களத்தில் நெல்கட்டு குவிந்து கிடக்கிறதாம், டிராக்டர் ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லையாம். "எப்பப்பா வருவே?" இவர் மறுபடி கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, "அசையவே மாட்டேங்குதுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரியக்காரர் என் பக்கம் திரும்பினார்.
"களத்து வேலை முடியற வரைக்கும் ஆகும்னு டாக்டர் சொன்னாருங்க" என்றேன். பச்சைப் பொய். ஆண்டவர் மன்னிக்கட்டும்.
"அப்ப கதிரடிக்க ஆளுங்களத்தான் எறக்கணும்." முனகிக்கொண்டே போனார்.
போர்வைக்குள் இவர் விரல்கள் தாளம் போடுகின்றன.